விமானம் ஏறிப் போய் நின்ற பெரட்டு

மணி அடித்தது. எழுந்தேன். ஓடினேன். வரிசையில் போய் நின்றேன்.

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் எனக்கு முழுதாக விழிப்பு வந்தது. எனக்கு முன்னால் நின்றவள் தலையில் கூம்பாக ஓர் ஓலைத் தொப்பி. அவளுக்கு முன்னால் நின்றவள் தலையிலும் அதே தொப்பி. மலாக்கா பக்கம் லூபோக் சீனாவில் இருக்கும் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் யாரும் இப்படித் தொப்பி போட மாட்டார்கள். எங்கள் தண்டல் வியட்நாமிய மொழியில் ஆள் எண்ணியதும் கிடையாது.

பெரட்டு என்றால் என்னவென்று தெரியாத வாசகர்களுக்கு: விடிகிற நேரத்தில் தோட்ட ஆபீஸ் முன்னால் மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரத்தில் பட்டையைச் சீவிப் பால் எடுப்பவர்கள், எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். தண்டல் என்கிற மேற்பார்வையாளர் தலையை எண்ணி, இன்றைக்கு யார் எந்த மலைக்கு, அதாவது எந்தப் பகுதி மரங்களுக்கு, போவது என்று பிரித்து அனுப்புவார். பிந்தி வந்தால் அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைய கூலியும் இல்லை.

நான் நின்ற பெரட்டோ சைகோனிலிருந்து மூன்று மணி நேரம் ஜீப்பில் குலுங்கிப் போகவேண்டிய ஓர் அரசாங்க ரப்பர்ப் பண்ணையில். நான் அங்கே மரம் வெட்டப் போகவில்லை ஐயா! வெளிநாட்டு முதலீட்டாளர் குழுவில் ஒருத்தியாகப் போயிருந்தேன். குழு என்றால் மொத்தம் இரண்டு பேர். என் முதலாளி, அப்புறம் நான்.

சுபாங் விமான நிலையத்தில் என் செருப்பு வார் அறுந்ததோடு போன வாரக் கதையை நிறுத்தியிருந்தேன். ‘அப்புறம் செருப்பு என்ன ஆச்சு?’ என்று ஜாசினிலிருந்து ஒரு வாசகி கவலையாக எழுதியிருக்கிறார். அம்மணி, செருப்பு சைகோனில் நல்லபடியாகத் தைத்தாயிற்று. இந்த வாரக் கதையில் நான் அதைப் போடவே இல்லை. வெறுங்காலோடுதான் ஓடினேன்.

எல்லாரும் ஏன் அங்கே ஓடினார்கள்?

அப்போது நான் மஸ்ஜித் தானாவுக்கு வெளியே ஒரு சின்ன ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் கிராணி. டைப் அடிப்பது, டெலிபோன் எடுப்பது, தவுக்கேக்குக் காப்பி ஆறிவிட்டதென்று ஞாபகப்படுத்துவது, இவைதான் என் வேலை. தவுக்கே என்றால் முதலாளி. லிம் தவுக்கே சீனர். அவர் அப்பா எங்கள் தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் தவுக்கே நம்மைப் போலவே தமிழ் பேசுவார். அடிக்கடி கடைசியில் ஒரு ‘லா’ போடுவதும், வயசு வித்தியாசம் பார்க்காமல் எல்லாரையும் ‘நீ’ என்பதும்தான் குறை.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் விடிந்தால் தொழிற்சாலை பஸ் ஏறி மலாக்கா டவுனுக்கு எலக்ட்ரானிக்ஸ் வேலைக்குப் போய்விடுவார்கள். எஞ்சிய மரத்தை வெட்டவும் ஆள் இல்லை. பாலுக்கு லோரி அனுப்பினால் பாதி நாள் காலியாகத் திரும்பி வரும். தவுக்கே தலையில் கை வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார்.

ஒருநாள் அதே பேப்பரைத் தூக்கிக்கொண்டு குதித்து வந்தார்.

“கோகிலா! வியட்நாம் போறோம் லா!”

ஆபீஸ் வாய் பிளந்தது. லோரி ஓட்டும் மணியம் அண்ணன் கதவோரம் நின்று கேட்டார். “அது கம்யூனிஸ்ட் ஊராச்சே தவுக்கே. முதலாளின்னா அவனுங்களுக்கு ஆகாதே. நீங்களா போயி மாட்டிக்கப் போறீங்களா?”

“அதெல்லாம் பழைய கதை. இப்போ அவனே கூப்புடுறான். கவர்மெண்ட் பேரு கம்யூனிஸ்ட்டு, கடை நம்ம கடை மாதிரிதான். மணியம், நீ பாரு. நம்ம பசார்ல ஒரு கடை ரொம்ப வருஷமா பூட்டியே கெடக்குது. ஒருநாள் திடீர்னு கதவத் திறக்குறான். உள்ளே சாமான் ஒண்ணும் இல்ல, வாடகை கம்மி, வெளியே ஜனங்க கியூ நிக்குது. நீ அந்தக் கடைய எடுப்பியா மாட்டியா?”

“எடுப்பேன் தவுக்கே. ஆனா பூட்டுனவன் மறுபடியும் பூட்டிட்டான்னா?”

தவுக்கே பேப்பரை மடித்து மணியம் அண்ணன் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

சைகோன் ஓட்டலில் இறங்கிய பிறகுதான், குதித்தது எங்கள் தவுக்கே மட்டுமல்ல என்று தெரிந்தது. காலைப் பசியாற உட்கார்ந்தால் சுற்றிலும் முதலீட்டாளர்கள். சப்பாத்து தைக்க வந்தவர், சட்டை தைக்க வந்தவர், சிமெண்ட் கொண்டுவந்தவர், ஐஸ்கிரீம் விற்க வந்தவர். எல்லார் கையிலும் ஓட்டலில் இனாமாகக் கொடுத்த அதே வரைபடம். ஒருவர் வரைபடத்தில் இன்னொருவர் பார்வை படாமல் கையால் மறைத்துக்கொண்டார்கள். மறைத்த இரண்டும் ஒரே வரைபடம்தான்!

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். முதல் சில வருஷம் வரி இல்லை என்றார் ஒருவர். எல்லாருக்கும் எழுதப் படிக்கத் தெரியும், கை சுறுசுறுப்பு, சம்பளம் குறைச்சல் என்றார் இன்னொருவர். நிலம் நீண்ட குத்தகைக்குக் கிடைக்கும் என்றார் மூன்றாமவர். ஐஸ்கிரீம்காரர் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. “ஒன்றுமே கிடைக்காமல் இருந்த ஊரில் எதைக் கொண்டுவந்தாலும் விற்கும்.” சட்டதிட்டம் எப்படி என்று யாராவது கேட்டால், ‘புதுச் சட்டம் அச்சாகிக்கொண்டிருக்கிறது’ என்று பதில் வரும். எல்லாரும் சந்தோஷமாகத் தலையாட்டுவார்கள். சட்டம் வருவதற்குள் உள்ளே போய்விட வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு.

பந்திக்கு முந்து என்று நம்மவர்கள் சொல்வதுதான் கடைசியில் காரணம் என்று நான் முடிவு கட்டினேன். இலை போட்டாயிற்று என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சோறு வெந்ததா என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

நானும் குறைந்தவள் இல்லை. எனக்கும் கிறுகிறுப்பு ஏறியிருந்தது. ஏனென்றால் விமானத்திலேயே தவுக்கே சொல்லிவிட்டார்.

“அங்க பாலுக்குக் கையெழுத்து ஆச்சுன்னா அங்க ஆபீஸ் உன்னோடது. மேனேஜர் கோகிலா. ஆகலன்னா மஸ்ஜித் தானாவுல பாதி மெசின நிறுத்தணும். ஆபீஸ்லயும் ஆள் குறைக்கணும். நான் ஒளிச்சு மறைச்சுப் பேச மாட்டேன்.”

ஆபீஸில் கடைசியாகச் சேர்ந்தவள் நான். குறைத்தால் யாரைக் குறைப்பார் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. மேனேஜர் நாற்காலி, இல்லாவிட்டால் நாற்காலியே இல்லை. வேலை போனால் எனக்கு மிச்சம் இருப்பது அம்மா போகும் அதே பெரட்டுதான்.

உளியும் அம்மாவும்

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

அம்மா பேர் அஞ்சலை. எங்கள் தோட்டத்தில் மரம் வெட்டுவதில் அம்மாவுக்கு மிஞ்சி ஆள் இல்லை. இதை மகள் சொல்லவில்லை, தண்டலே சொல்வார். பட்டையை அளவாகச் சீவுவாள். ஆழம் போனால் மரம் புண்ணாகும், மேலோடு போனால் பால் இறங்காது. அம்மா உளி இரண்டுக்கும் நடுவில் சரியாக ஓடும்.

நான் மூன்றாம் பாரம் பரீட்சை எழுதி முடித்திருந்தபோது அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அப்பா முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். ஆகவே ஒரு மாதம் அம்மா பேரில் பெரட்டில் நான் நின்றேன். ஆபீஸ் முன்னால் தொங்கும் தண்டவாளத் துண்டில் முதல் அடி விழும்போதே எழுந்து, தலையில் துண்டைக் கட்டி ஓடுவேன். ‘பேர் போயிரும், பேர் போயிரும்’ என்று வாய் முணுமுணுக்கும். மரத்தை நான் வெட்டியதைவிட வதைத்தது அதிகம்.

அம்மா தேறி எழுந்த அன்று என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கொப்புளம். உளியை எடுத்துப் பரணில் போட்டாள்.

“இனிமே நீ உளியத் தொட்டே, கைய ஒடிச்சி அடுப்புல வெச்சிருவேன். என் மவ பெரட்டுல நிக்கக்கூடாது. நின்னது போதும்.”

அதற்கப்புறம் தினமும் தானே பரணிலிருந்து எடுப்பாள், தானே மேலே வைப்பாள். நான் எஸ்பிஎம் பரீட்சை முடித்து, டைப் படித்து, கிராணியானேன். முதல்நாள் வேலைக்குப் போகும்போது என் சப்பாத்தை அம்மா தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

வியட்நாம் என்றதும் முதலில் மறுத்தவளும் அம்மாதான். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, வெள்ளைக்காரன் ஆட்சியில், எங்கள் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட்டுக்குப் போய்விடும் என்று சமைத்த சோற்றைக்கூட வாசலில் சோதித்து அனுப்பிய காலம். “அவனுங்களுக்குப் பயந்துதான் வேலி போட்டாங்க. நீ என்னடான்னா பிளேன் ஏறிப் போயி கையக் குலுக்கப் போறேங்கிற” என்று மூன்று நாள் புலம்பினாள். நாலாம் நாள் அவளே என் பெட்டியில் ஊறுகாய் போத்தலை வைத்தாள்.

ஆள் கணக்கு சரி

இப்போது பண்ணைக்கு வருகிறேன்.

முந்தின சாயங்காலமே எங்களை விருந்தினர் விடுதியில் இறக்கிவிட்டார்கள். பக்கத்து அறையில் கோல்ஃப் தொப்பி போட்ட வேறொரு நாட்டு முதலீட்டாளர். அவருக்கும் இதே பண்ணையின் பால்தான் வேண்டும். மறுநாள் பண்ணைத் தலைவியை ஒன்பது மணிக்கு நாங்கள் பார்ப்பது, பத்து மணிக்கு அவர் பார்ப்பது என்று ஏற்பாடு. கோல்ஃப் தொப்பி எங்களைப் பார்த்து அலட்சியமாகச் சிரித்தார். பயணக் களைப்பில் கைலியும் டீசட்டையுமாக அப்படியே படுத்துவிட்டேன்.

விடியலில் அடித்தது பழைய குண்டு ஒன்றின் வெற்றுக் கூடு. அதை மரத்தில் தொங்கவிட்டு மணியாக்கியிருந்தார்கள். ஆனால் சத்தம் அசல் எங்கள் தண்டவாளச் சத்தம்! தூக்கத்தில் எனக்கு வயது பதினைந்து. அம்மா படுத்திருக்கிறாள். பேர் போயிரும். துண்டைத் தலையில் கட்டினேன், ஓடினேன்.

விழித்ததும் திரும்பி ஓடியிருக்கலாம். அதற்குள் தண்டல் மாதிரி ஒருவர் எண்ணிக்கொண்டே என்னிடம் வந்துவிட்டார். என்னைப் பார்த்தார். நான் விறைப்பாக நின்றேன். கையிலிருந்த தாளைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். மேலிடத்து உத்தரவாக இருக்கும், நாம் ஏன் வாயைக் கொடுப்பது என்று நினைத்திருப்பார் போலும். தாளில் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்தவளிடம் போய்விட்டார். அன்றைக்கு ஒருத்தி வேலைக்கு வரவில்லை என்று பிறகு தெரிந்தது. என்னைச் சேர்த்ததும் கணக்குச் சரியாகிவிட்டது.

என் கையில் ஓர் உளியும் வாளியும் வந்து சேர்ந்தன. நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தேன். பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்து அடக்காமலே சிரித்தாள். அவள் பேர் லான். நெஞ்சைத் தொட்டு “லான்” என்றாள். நானும் தொட்டு “கோகிலா” என்றேன். அவ்வளவுதான் எங்களுக்குள் பாஷை.

மர நிரைக்குள் நுழைந்ததும் அந்த வாசனை வந்தது. ஈரப் பட்டை, புளித்த பால், கொசுவத்திப் புகை. பால் பிடிக்கும் எங்கள் மங்குக் கோப்பைக்குப் பதில் அங்கே சுட்ட மண் கிண்ணம். மற்றபடி அதே மரம், அதே சாய்ந்த கோடு, அதே வெள்ளைச் சொட்டு. எனக்குக் காரணமில்லாமல் சந்தோஷம் பொங்கியது. முதல் மரத்தில் உளியை வைத்தேன். பால் இறங்கியது! “ஓய்!” என்று கத்தியே விட்டேன். லான் கைதட்டினாள்.

முப்பது மரம் தாண்டியதும் சந்தோஷத்துக்கு நடுவில் ஒன்று கண்ணில் பட்டது. பள்ளத்துப் பக்கத்து மரங்களில் பட்டையெல்லாம் மேடும் குழியுமாகப் புண். உளி கட்டைவரை போயிருந்தது. லானைத் தட்டிக் காட்டினேன். அவள் தோளைக் குலுக்கி, வாளியைக் காட்டி, அது நிரம்பி வழிய வேண்டும் என்று கையால் சொன்னாள். பிறகு வானத்தைக் காட்டினாள். மேலேயிருந்து வரும் கட்டளை என்று எனக்கு உடனே புரிந்தது.

அப்போதுதான் தூரத்தில் தவுக்கேயின் குரல் கேட்டது.

“கோகிலாவ்! ஐயோ என் கோகிலாவக் காணோம் லா!”

ஒன்பது மணிக் கூட்டம்

விடுதியில் பெரிய களேபரம் நடந்திருக்கிறது. என் கட்டில் காலி, செருப்பு அப்படியே கிடக்கிறது. கம்யூனிஸ்ட்டுகள் என்னைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று தவுக்கே நினைத்தார். பண்ணை அதிகாரியோ, அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்காரி பண்ணையை வேவு பார்க்கப் போய்விட்டாள் என்று சீருடைக்காரர் ஒருவரை அழைத்துவந்துவிட்டார். கைலியும் தலைத்துண்டும் பால் ஒட்டிய கையுமாக நான் நிரையிலிருந்து வெளியே வந்தபோது மூவரும் சிலையாக நின்றார்கள்.

“நீ என்ன செஞ்சே?”

“மணி அடிச்சிச்சி தவுக்கே.”

“மணி அடிச்சா?”

“பெரட்டுக்குப் போயிட்டேன்.”

தவுக்கே நெற்றியில் அடித்துக்கொண்டார். “முடிஞ்சிச்சி. எல்லாம் முடிஞ்சிச்சி. கோல்ஃப் தொப்பி எடுத்துக்கிட்டுப் போயிருவான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மேனேஜர் நாற்காலி நான் உட்காருவதற்கு முன்னாலேயே உடைந்துவிட்டது. உடை மாற்றவும் விடாமல் அப்படியே கூட்டத்துக்கு அழைத்துப் போனார்கள்.

பண்ணைத் தலைவி பேர் ஹோவா. ஐம்பது வயதிருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதிகாரி படபடவென்று புகார் சொல்வதைக் கேட்டார். கண் மட்டும் என் கையில் இருந்தது. ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் மின் என்ற இளைஞனிடம் ஏதோ சொன்னார்.

“உங்களுக்கு மரம் வெட்டத் தெரியுமா என்று கேட்கிறார்.”

“அம்மாவுக்குத் தெரியும். எனக்குக் கொஞ்சம்.”

“எங்கள் மரங்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்கிறார்.”

தவுக்கே மேசைக்கடியில் என் காலை மிதித்தார். வெறுங்கால்! ‘ரொம்ப நல்லாருக்கு’ என்று சொல்லியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தப் புண்பட்ட பட்டை கண்ணிலேயே நின்றது. அம்மாவின் மகள் அதைப் பார்த்துவிட்டு நல்லாருக்கு என்று எப்படிச் சொல்வாள்?

“மேட்டு மரம் நல்லாருக்கு. பள்ளத்து மரத்தையெல்லாம் ஆழமா வெட்டிப் புண்ணாக்கியிருக்காங்க. இவ்வளவு பால் வேணும்ங்கிற கட்டளை கூடுதல்னு நினைக்கிறேன். கொஞ்ச காலம் ஓய்வு குடுக்கலேன்னா மரம் போயிரும்.”

மின் மென்று விழுங்கி மொழிபெயர்த்தான். அதிகாரி இருமினார். தவுக்கே கண்ணை மூடிக்கொண்டார்.

ஹோவா மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்! மின்னுக்கு மூச்சு விட நேரம் கொடுக்காமல் பேசினார்.

“இரண்டு வருஷமாக இதையேதான் நான் மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்கிறார். நான் எழுதினால் சாக்குச் சொல்கிறேன் என்பார்கள். வெளிநாட்டு முதலீட்டாளர் சொன்னார் என்று எழுதினால் உடனே கேட்பார்கள். இந்தப் பெண் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா என்று கேட்கிறார்.”

நாங்கள் எதற்கு அவர்கள் ஊருக்கு ஓடினோம் என்று ஓட்டல் முழுக்கக் கேட்டிருந்தேன். அவர்களுக்கு நாங்கள் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தவுக்கே கண்ணைத் திறந்தார். வியாபாரி வியாபாரிதான். “போட்டுத் தர்றேன். எத்தன கையெழுத்து வேணும்னாலும் போட்டுத் தர்றேன். எங்க பாலுக்கும் ஒரு கையெழுத்து அவங்க போடட்டும்” என்றார். பள்ளத்து மரங்கள் ஓயும்வரை முதல் வருஷம் பால் குறையும் என்றார் ஹோவா. குறையட்டும் என்றார் தவுக்கே. லோரி காலியாக வந்த காலத்தைப் பார்த்தவருக்கு அது பெரிதாகப் படவில்லை. பத்து மணிக்குக் கோல்ஃப் தொப்பி வந்தார், தேநீர் குடித்தார், போனார். அவர் முந்தின நாளே பாதி மனதோடுதான் இருந்தார் என்று மின் பிற்பாடு சொன்னான். இருக்கட்டும், வெற்றி எங்களுடையது!

கிளம்பும்போது லான் ஓடிவந்து தன் ஓலைத் தொப்பியை என் தலையில் வைத்தாள். ஜீப் கிளம்பியும் தவுக்கே சிரித்துக்கொண்டே வந்தார். “மேனேஜர் கோகிலா, கை கழுவு லா, நாறுது” என்றார்.

அம்மாவுக்கு ஒரு போன்

அன்று சாயங்காலம் சைகோன் ஓட்டலிலிருந்து தோட்டத்துக் கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரர் அம்மாவைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். அம்மா மூச்சிரைக்க “யம்மாடி, உசுரோட இருக்கியா?” என்றாள். நான் ஒன்று விடாமல் கொட்டினேன். மேனேஜர் என்றதும் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் அம்மா உரக்க ஒலிபரப்பினாள். பெரட்டு என்றதும் அம்மா குரல் மாறியது.

“அடிப்பாவி. பெரட்டுல நிக்கக்கூடாதுன்னுதானே ஒன்னப் படிக்க வெச்சேன். பிளேன் ஏறிப் போயி பெரட்டுல நின்னியா?”

“தூக்கத்துலம்மா. நீ காமாலையில படுத்திருக்கன்னு நெனச்சிட்டேன்.”

அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்து நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன்.

“எத்தன மரம் வெட்டுனே?”

“நாப்பது.”

“நாப்பதா!” கடையே அதிர்ந்திருக்கும். “விடிஞ்சதுலேருந்து நாப்பதா? அந்த நேரத்துக்கு நான் மூணு நிரை முடிச்சி வெத்தல போட்டிருப்பேனே! அந்த ஊருப் பொம்பளைங்க நம்மளப் பத்தி என்னடி நெனச்சிருப்பாங்க?”

நான் சிரித்த சிரிப்பில் ஓட்டல்காரர் திரும்பிப் பார்த்தார். போனை வைக்கப் போனேன். “இரு, இரு” என்றாள் அம்மா.

“அடுத்த வாட்டி போறப்போ பரண்ல இருக்குற என் உளிய எடுத்துட்டுப் போ.”